ஓவியக் கல்லூரியில் சேரப் போகிறீர்களா? முதலில் ஒரு செம்பை வரையுங்கள்

ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, வகுப்பு தொடங்க இன்னும் நாலைந்து வாரம் இருக்கிறது, அதுவரை என்ன செய்வது என்று ஒவ்வொரு வருடமும் தம்பி தங்கைகள் கேட்பார்கள். நான் சென்னை எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தவன். அரசு கவின் கலைக் கல்லூரி என்பது அதன் முழுப்பெயர். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. சென்னையோ கும்பகோணமோ வேறு ஊரோ, எந்தக் கல்லூரிக்குப் போனாலும் முதல் வருடத்தில் உங்களுக்கு உதவப்போவது ஒன்றுதான்: எதிரில் இருக்கும் பொருளைப் பார்த்து வரையும் பழக்கம். அதை வீட்டிலேயே எப்படித் தொடங்குவது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஃபோட்டோவை மூடி வையுங்கள்

நம்மில் பெரும்பாலோர் நடிகர் படத்தைக் கட்டம் போட்டு வரைந்துதான் ஓவியத்துக்குள் வந்திருப்போம். நானும் அப்படித்தான். அதில் பொறுமை வரும், பென்சில் கைக்குப் பழகும், வீட்டில் நாலு பேர் பாராட்டுவார்கள். அதையெல்லாம் குறைவாக நினைக்க வேண்டாம். ஆனால் ஃபோட்டோவில் பாதி வேலையைக் கேமரா ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது. உருண்டையாக இருந்ததைத் தட்டையாக்கி, எது விளிம்பு, எது நிழல் என்று தீர்மானித்து, உங்கள் கையில் கொடுத்துவிட்டது. கட்டம் போட்டு வரையும்போது அந்தத் தீர்மானங்களைத்தான் நகல் எடுக்கிறோம்.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் எங்கள் முன்னால் ஒரு மண்பானையையும் ஒரு செங்கல்லையும் வைத்தார்கள். நாற்பது முகங்கள் வரைந்து கொண்டுவந்திருந்த எனக்கு அந்தப் பானை வரவில்லை. வாயை நீள்வட்டமாகப் போட்டேன். அடிப்பக்கத்தை நேர்கோடாக இழுத்தேன். பானை தரையில் உட்காராமல் அந்தரத்தில் நின்றது. ஆசிரியர் எதுவும் சொல்லாமல் என் தாளின் மூலையில் சின்னதாக இரண்டு வளையம் போட்டார். மேலே ஒடுங்கிய வளையம், கீழே சற்று விரிந்த வளையம். அவ்வளவுதான், அடுத்தவரிடம் போய்விட்டார். அந்த இரண்டு வளையத்தின் பொருள் எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. உங்களுக்கு இன்றைக்கே புரியட்டும் என்றுதான் அடுத்த படியை நீளமாக எழுதுகிறேன்.

படி 2: செம்பு

சமையலறையில் ஒரு பித்தளைச் செம்போ எவர்சில்வர் செம்போ இருக்கும். எடுத்துக்கொள்ளுங்கள். வாய், கழுத்து, வயிறு, அடி என்று நாலு பகுதி உள்ள பாத்திரம் அது. ஒரு மாதம் முழுக்க வரைந்தாலும் அதில் கற்றுக்கொள்ள ஏதாவது மிச்சம் இருக்கும்.

ஒரு முக்காலியின் மேல் வைத்துவிட்டு ஐந்தாறு அடி தள்ளி உட்காருங்கள். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். ஒரே ஒரு ஜன்னலிலிருந்து ஒரே பக்கமாக வெளிச்சம் விழ வேண்டும். இரண்டு பக்கமும் வெளிச்சம் இருந்தால் நிழல் குழம்பிவிடும், தொடக்கத்தில் அது தேவையில்லாத தலைவலி.

தாளைப் பொருத்திய பலகையை மடியில் படுக்க வைத்து வரையாதீர்கள். படுத்த தாளைச் சாய்வாகத்தான் பார்ப்போம், அப்போது தாளின் மேற்பகுதி கண்ணுக்குக் குறுகித் தெரியும். அதை ஈடுகட்டக் கை தானாகவே நீட்டி வரைந்துவிடும். நிமிர்த்திப் பார்த்தால் செம்பு ஜாடி மாதிரி நீண்டிருக்கும். பலகையின் கீழ் விளிம்பை மடியில் ஊன்றி, மேல் விளிம்பை ஒரு நாற்காலி முதுகில் சாய்த்து வையுங்கள். கண்ணை மட்டும் நகர்த்தினால் செம்பும் தாளும் மாறி மாறித் தெரிய வேண்டும்.

இனி அளவு. பென்சிலைப் பிடித்துக் கையை முழுசாக நீட்டுங்கள். முழங்கை மடங்கவே கூடாது. மடங்கினால் பென்சிலுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் மாறி, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வரும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சில் நுனியைச் செம்பு வயிற்றின் ஒரு ஓரத்திலும் கட்டைவிரலை மறு ஓரத்திலும் பொருத்துங்கள். அதே அளவை அப்படியே செங்குத்தாகத் திருப்பி, உயரத்தில் அது எத்தனை தடவை அடங்குகிறது என்று பாருங்கள். ஒன்றே கால் தடவையா, ஒன்றரையா? மனம் ஒரு கணக்குச் சொல்லும், பென்சில் வேறு கணக்குச் சொல்லும். பென்சிலை நம்புங்கள்.

தாளின் நடுவில் லேசாக ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். செம்பின் உச்சியையும் அடியையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள். வயிறு அதிகம் பருத்திருக்கும் இடம் எது, கழுத்து அதிகம் ஒடுங்கும் இடம் எது என்று அளந்து இரண்டு பக்கமும் புள்ளி வையுங்கள். இதுவரை வளைகோடு எதுவும் வேண்டாம்.

சரி, இப்போது அந்த வளையங்கள். அம்மாவிடமோ அக்காவிடமோ ஒரு வளையல் வாங்கிக்கொள்ளுங்கள். படுக்கை வசமாகப் பிடித்துக் கண்ணுக்கு நேராக நிறுத்துங்கள். வெறும் கோடாகத் தெரியும். மெதுவாகக் கீழே இறக்குங்கள். இறங்க இறங்க வாய் திறப்பது போல விரிந்துகொண்டே போகும். செம்பின் வாய் உங்கள் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது, அதனால் அதன் வளையம் ஒடுங்கியது. அடி இன்னும் கீழே இருப்பதால் அதன் வளையம் கூடுதலாகத் திறந்திருக்கும். செம்பு முக்காலியில் தட்டையாக உட்கார்ந்திருப்பதால் அடியைத் தட்டையாகப் போடத் தோன்றும். அது மூளைக்குத் தெரிந்த விஷயம், கண் பார்த்தது இல்லை. அடியின் முன்பக்கம் வளைந்துதான் ஆக வேண்டும், அதுவும் வாயைவிடக் கொஞ்சம் அதிகமாக.

நீள்வட்டம் போடும்போது கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தையும் சேர்த்து முழுசாகச் சுற்றுங்கள். தாளில் பென்சில் படாமல் நாலைந்து தடவை காற்றிலேயே சுழற்றிவிட்டு, அதே வேகத்தில் இறக்கினால் நன்றாக வரும். இரண்டு ஓரமும் கூராக முடியக் கூடாது. வாழை இலை நுனிபோல முடிந்தால் தவறு, எவ்வளவு ஒடுங்கினாலும் ஓரத்தில் ஒரு திருப்பம் இருக்கும்.

நிழல் போடும் முன் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். சின்னச் சின்ன விவரமெல்லாம் மறைந்து, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று கூட்டமாகப் பிரியும். முதலில் அந்த மூன்றை மட்டும் போடுங்கள். பளபளக்கும் பாத்திரத்தில் மிகப் பிரகாசமான இடத்தை ஒட்டியே மிகக் கறுத்த பட்டை ஒன்று ஓடும், அதைத் தேய்த்து மென்மையாக்க வேண்டாம், வெட்டினாற்போல விடுங்கள். பளபளப்பு அந்த வெட்டில்தான் இருக்கிறது. நிழல் பக்கத்தின் கடைசி ஓரத்தில், முக்காலியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மெல்லிய கீற்றாகத் தெரியும். முக்காலியின் மேல் விழும் நிழல், செம்பின் அடி தொடுகிற இடத்தில் மிகக் கறுப்பாக இருக்கும், விலக விலக வெளுக்கும். அந்தக் கறுப்பைச் சரியாகப் போட்ட நொடியில் செம்பு முக்காலியில் உட்கார்ந்துவிடும்.

முடிந்ததும் தாளைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள், அல்லது கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் சரிந்திருந்தால் உடனே தெரிந்துவிடும். அழித்துத் திருத்த வேண்டாம். தேதி போட்டு எடுத்து வைத்துவிட்டு, நாளைக்கு வேறு தாளில் மறுபடி வரையுங்கள். பத்து நாள் செம்பு மட்டும். அப்புறம் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம், அதற்கப்புறம் மடிந்து கிடக்கும் ஒரு துண்டு.

படி 3: சட்டைப்பையில் ஒரு நோட்டு

செம்பு அசையாது. மனிதர்கள் அசைவார்கள். அதற்குக் கையடக்கமாக ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும். பேனா ஏன் என்றால், அழிக்க முடியாது. தப்பான கோட்டின் பக்கத்தில் சரியான கோட்டைப் போட்டுக்கொண்டே போவீர்கள், அழிரப்பரிலேயே நேரம் போகாது. ஓவியர் ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள். எங்கள் கல்லூரியில் படித்தவர் அவர். வெறும் கோட்டால் ஒரு மனிதரின் எடையையும் நடையையும் எவ்வளவு தூரம் கொண்டுவர முடியும் என்று தெரியும்.

தூங்குபவர்களிடமிருந்து தொடங்குங்கள். எழும்பூர் ஸ்டேஷனிலோ உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலோ பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும் ஆட்கள் எப்போதும் உண்டு. தலை, தோள், இடுப்பு இந்த மூன்றும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று முதலில் மூன்று கோடு. மூக்கும் விரலும் பிறகு.

அடுத்து, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்பவர்கள். டீ மாஸ்டர், இஸ்திரி போடுபவர், பூக் கட்டுபவர். டீ மாஸ்டரின் கை மேலே போகும், கீழே வரும். நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உருவம் தொடங்குங்கள், கை மேலே இருப்பது ஒன்று, கீழே இருப்பது ஒன்று. கை மேலே போகும்போதெல்லாம் முதல் உருவத்தில் நாலு கோடு, கீழே வந்ததும் இரண்டாவதில் நாலு கோடு. கால் மணி நேரத்தில் இரண்டுமே முடிந்திருக்கும். எனக்குச் சீனியர் ஒருவர் சொல்லித்தந்த வழி இது, இன்றுவரை கைவிட்டதில்லை.

யாராவது கவனித்துவிட்டால் மறைக்காமல் நோட்டைக் காட்டுங்கள். பெரும்பாலும் சிரிப்பார்கள், சிலர் தலையைச் சீவிக்கொண்டு மறுபடி உட்காருவார்கள். வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். பெண் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போனால் நிம்மதியாக வரையலாம்.

படி 4: சாமான்களில் காசை இறைக்காதீர்கள்

பென்சில் எச்.பி., 2பி, 4பி, 6பி. கரித்துண்டு ஒரு பாக்கெட். மாவு மாதிரி பிசையக்கூடிய அழிரப்பர் ஒன்று. பென்சிலை ஷார்ப்னரில் சீவாமல் பிளேடால் சீவி, கரி அரை அங்குலம் வெளியே நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். நுனியிலும் வரையலாம், பக்கவாட்டில் சாய்த்து நிழலும் போடலாம். கார்ட்ரிட்ஜ் தாள் (வரைவதற்கான தடித்த தாள்) முழு ஷீட் 22க்கு 30 அங்குலம் இருக்கும், அதைப் பாதியாக வெட்டினால் 15க்கு 22. அந்தப் பாதியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பிளைவுட் பலகையை ஆசாரியிடம் அறுத்து வாங்கி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். இரண்டு கிளிப். சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் வாங்கலாம், காகிதக் கடைகள் வரிசையாக இருக்கும். தினசரிப் பயிற்சிக்குப் பழைய காலண்டரின் பின்பக்கம் போதும்.

எண்ணெய் வண்ணம், ஈசல் (படத்தைத் தாங்கி நிற்கும் சட்டம்), பெரிய பிரஷ் செட் எதையும் இப்போது வாங்க வேண்டாம். என்ன வேண்டும் என்று ஆசிரியர்களே சொல்வார்கள்.

படி 5: நாலு வண்ணம், ஒரு வெள்ளை

போஸ்டர் கலரில் மஞ்சள், சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), வெள்ளை. இந்த ஐந்து போதும். கறுப்பு வேண்டாம், அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் கறுப்புக்கு மிக அருகில் வரும். அது புட்டிக் கறுப்பைப் போல மற்ற நிறங்களைச் சாகடிக்காது. பச்சையும் வாங்க வேண்டாம். வேப்பிலை, வாழையிலை, மாவிலை மூன்றையும் பறித்து வைத்து, மஞ்சளையும் நீலத்தையும் கலந்து மூன்று பச்சை உண்டாக்குங்கள். கலந்ததை ஒரு துண்டுத் தாளில் தடவிக் காயவிட்டு இலையின் மேலேயே வைத்து ஒப்பிடுங்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்த பின் ஒரு நிறம், அது கையோடு பழகட்டும். பச்சை கண்ணைக் குத்தினால் துளி சிவப்பு சேருங்கள், அடங்கிவிடும்.

அப்புறம் உங்கள் கையையே வரையுங்கள். சின்ன வயதில் கிரேயான் பெட்டியில் ‘ஸ்கின் கலர்’ என்று வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு குச்சி இருக்குமே, நினைவிருக்கிறதா? நம் தெருவில் அந்த நிறத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருடம் மனிதர்களுக்கெல்லாம் அதையே தீட்டியிருக்கிறோம். பர்ன்ட் சியன்னாவை அடிப்படையாக எடுத்து, வெளிச்சம் படும் இடத்தில் மஞ்சளும் கொஞ்சம் வெள்ளையும், நிழலில் நீலமும் சேர்த்துப் பாருங்கள். புறங்கையில் ஒரு நிறம், உள்ளங்கையில் ஒரு நிறம், விரல் முட்டியில் இன்னும் கறுத்த நிறம். நம் ஆட்களின் நிறத்தைச் சரியாகக் கலக்கத் தெரிந்த ஓவியர்கள் நமக்கு நிறைய வேண்டும். இதை நான் ஆசையோடு சொல்கிறேன்.

படி 6: அசலைப் போய்ப் பாருங்கள்

சென்னை என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை. வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இருக்கிறார். ஒரே உடம்பில் இரண்டு இடுப்பு, இரண்டு தோள். உடம்பின் எடை எந்தக் காலில் இறங்குகிறது, அதற்கு ஏற்ப இடுப்பு எப்படி ஒடிகிறது என்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அந்தச் சாய்வை மட்டும் வரையுங்கள், நகையைத் தொடாதீர்கள். நோட்டோடு உட்காரும் முன் காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மெரினாவில் உழைப்பாளர் சிலையைக் காலையில் போய்ப் பாருங்கள். 1959இல் நிறுவப்பட்டது. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, எங்கள் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். நாலு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். எல்லோரும் முன்பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் சுற்றி நடங்கள். நிற்கும் பக்கம் மாற மாற நாலு உடம்பின் சாய்வும் எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம்.

கும்பகோணத்தில் சேருபவர்களுக்குத் தாராசுரம் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. யானையும் காளையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்று அங்கே உண்டு. ஒரு பாதியைக் கையால் மறைத்தால் யானை, மறுபாதியை மறைத்தால் காளை. வேறு ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்க் கோயில் தூணில் தொடங்கலாம், வரைய வேண்டியது அங்கேயே நிறைய இருக்கும்.

படி 7: எந்தத் துறை என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள்

ஓவியம், சிற்பம், சுடுமண், துணி வடிவமைப்பு, அச்சுக்கலை, விஸ்காம் (காட்சித் தொடர்பு) என்று கல்லூரிக்குக் கல்லூரி துறைகள் மாறும். விண்ணப்பத்தில் எதை எழுதியிருந்தாலும் முதல் வாரமே எல்லா ஸ்டூடியோவுக்குள்ளும் போய் வாருங்கள். களிமண்ணைப் பிசைந்து பாருங்கள், அச்சு இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்கள் கல்லூரியில் ஓவியம் படித்த தனபால்தான் பிறகு தமிழ்நாட்டின் பெரிய சிற்பியாகி, அதே கல்லூரிக்கு முதல்வராகவும் ஆனார்.

படி 8: உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

இதை யாரும் முதல் நாளில் சொல்வதில்லை. பிரஷை வாயில் வைத்து நுனி சேர்க்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், சில வண்ணங்களில் ஈயமும் காட்மியமும் உண்டு. எண்ணெய் வண்ணத்தில் கலக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது தானாகச் சூடேறும், குவியலாகக் கிடந்தால் தீயே பிடிக்கலாம். விரித்துக் காயவிடுங்கள். சுடுமண் கூடத்தில் உலர்ந்த களிமண் தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனைத் திறந்தால் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும்.

படி 9: சுவரில் மாட்டும் நாள்

மாதத்தில் ஒருநாள் எல்லோருடைய வேலையையும் வரிசையாக மாட்டிவைத்து ஆசிரியர் பேசுவார். முதல் தடவை வயிறு கலங்கும். அன்று ஒரு நோட்டில் உங்களைப் பற்றிச் சொன்னதை மட்டும் எழுதாமல், பக்கத்தில் மாட்டியிருந்த நாலு பேருக்குச் சொன்னதையும் எழுதிக்கொள்ளுங்கள். நம் வேலையைப் பற்றிப் பேசும்போது காது அடைத்துக்கொள்ளும், மற்றவர் வேலையைப் பற்றிப் பேசும்போதுதான் தெளிவாகக் கேட்கும். ‘கம்போசிஷன் சரியில்லை’, அதாவது படத்தில் எல்லாவற்றையும் அமைத்த விதம் சரியில்லை என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், எந்த இடத்தில் என்று மரியாதையாகக் கேளுங்கள். விரலால் தொட்டுக் காட்டுவார்கள். அந்த இடம்தான் உங்களுக்கு வேண்டும்.

வீட்டில் ‘இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்’ என்று கேட்பார்கள். கவலையில் கேட்பது, கோபப்பட வேண்டாம். விளம்பரம், அனிமேஷன், துணி வடிவமைப்பு, பள்ளி ஆசிரியர் வேலை, புத்தக ஓவியம் என்று சீனியர்கள் போன வழிகளை விசாரித்து வந்து சொல்லுங்கள். முடிந்தால் அப்பாவையோ அம்மாவையோ ஒருநாள் கல்லூரிக் கண்காட்சிக்கு அழைத்து வாருங்கள். என் அம்மா ஸ்டூடியோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்காக அவரே மற்றவர்களிடம் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

படி 10: முதல் நாள் பை

பலகை, பாதி ஷீட் பத்து, பென்சில் நாலு, கரித்துண்டு, பிளேடு, அழிரப்பர், பழைய வேட்டித் துண்டு ஒன்று, தண்ணீர் பாட்டில், சட்டைப்பை நோட்டு. நல்ல சட்டை வேண்டாம், கரி படும்.

வீட்டில் வரைந்த செம்புகளையும் எடுத்துப் போங்கள், முதலாவது, ஐந்தாவது, பத்தாவது என்று மூன்று மட்டும். கரியில் போட்டதாக இருந்தால் இடையிடையே பட்டர் பேப்பர் வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் நிழல் இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளும். சுருட்ட வேண்டாம், இரண்டு அட்டைக்கு நடுவில் தட்டையாக வைத்து நாடாவால் கட்டிக்கொள்ளுங்கள். மழைக்காலமாக இருந்தால் வெளியே ஒரு பிளாஸ்டிக் உறை.